கம்பும் கேள்வியும்: ஊவாத் தோட்டங்களின் சிலம்பக் களத்தில் ஆசானும் மாணவனும்

1. பிரச்சினை

ஆசிரியனிடத்து மாணவன் கொள்ளும் நம்பிக்கையும், அவ்வாசிரியனை நோக்கி அவன் எழுப்பும் கேள்வியும் ஒன்றுக்கொன்று பகையானவை என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மரபைப் போற்றுவோர், கேள்வி கேட்பவனுக்கு வித்தை கைகூடாது என்பர். மரபை மறுப்போர், குருவை நம்புதல் நிலமானிய அடிமைத்தனத்தின் எச்சம் என்பர். இவ்விரு சாராரும் எதிரெதிர் அணியினர்போலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே எடுகோளிலிருந்தே புறப்படுகின்றனர். நம்பிக்கை கூடினால் கேள்வி குறையும், கேள்வி கூடினால் நம்பிக்கை தேயும் என்பதே அவ்வெடுகோள்.

உடற்கலைகளைப் பற்றிப் பேசும்பொழுது இவ்வெடுகோள் மேலும் வலுப்பெறுகின்றது. இலக்கணமோ கணிதமோ கற்பவன் ஆசிரியனை இடைமறித்து வினவலாம். சீனத்துத் தாய்ச்சியோ தமிழரின் சிலம்பமோ கற்பவன் சொன்னதைச் செய்வதன்றி வேறென்ன செய்ய இயலும் என்று கேட்கப்படுகின்றது. உடல் பார்த்துப் பழகுவது; கையிலோ ஆயுதம்; பிழைத்தால் அடி. எனவே அங்குப் பணிவே முதலும் முடிவும் என்று கொள்ளப்படுகின்றது.

இக்கொள்கையை ஒரு குறிப்பிட்ட மக்கட் கூட்டத்தின் வரலாற்றில் வைத்துப் பரிசோதித்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே நிலவிய சிலம்பப் பயிற்சியே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சான்று. இத்தெரிவுக்குக் காரணம் உண்டு. வேலைத்தலத்திலே கேள்வி கேட்கும் உரிமை முற்றாக மறுக்கப்பட்டு, நம்பிக்கை என்பது கடன்சீட்டின் வடிவிலே திணிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் இது. அத்தகையோர் தாமாக அமைத்துக்கொண்ட கல்விக்களத்தில் நம்பிக்கையும் கேள்வியும் எவ்வாறு உறவுகொண்டன என்பது ஆராயத்தக்கது.

2. ஏட்டு மரபின் இரு முகங்கள்

களத்துக்குச் செல்லுமுன், தமிழின் ஏட்டு மரபு இதுபற்றி என்ன கூறுகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியனது இலக்கணத்தையும் மாணாக்கனது இலக்கணத்தையும் விரிவாகப் பேசுவது. மாணாக்கன் ஆசிரியன்முன் ஓவியப் பாவைபோல் அடங்கி நிற்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. மரபுவாதிகள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுவர்.

ஆயின் அதே பாயிரம் மற்றோர் உண்மையையும் ஒளிக்காது கூறுகின்றது. ஆசிரியன் உரைத்ததை முழுமையாகக் கேட்டுக்கொண்டவனுக்குங்கூடக் கிட்டுவது கல்வியின் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால். தான் பிறருக்கு உரைப்பதனாலேயே எஞ்சிய அரை. அதாவது, ஆசிரியனுடைய வாயிலிருந்து வருவது நாலில் ஒரு பங்கு என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்ட மரபு நம்முடையது. அதே நூலின் சொல்லதிகாரம் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கின்றது. விடை தெரிந்தவன் மாணவனைச் சோதிக்க வினவுவதையும், தெரியாதவன் அறிய வினவுவதையும், இரண்டில் ஒன்று துணிய மாட்டாதவன் வினவுவதையும் வேறுபடுத்திக் கண்ட இலக்கண மரபை, கேள்வியை வெறுத்த மரபு என்று கூறுதல் இயலாது.

இதற்கு மறுதலையான முகமும் உண்டு. மகாபாரதத்து ஏகலைவன் கதை அதற்குச் சான்று. துரோணர் அவனை மாணவனாக ஏற்கவில்லை. ஆனாற் கட்டைவிரலைத் தட்சிணையாகக் கேட்டார். அவன் நம்பினான், கேள்வி கேளாது கொடுத்தான். அவனது வில்வித்தை அன்றோடு முடங்கியது. இக்கதையில் நம்பிக்கையின் பயனை நுகர்ந்தவர் யார் என்று கேட்டால், அரசகுமாரர்களின் முதன்மை காக்கப்பட்டமை தெளிவாகும். எனவே நம்பிக்கை நல்லதா தீயதா என்று பொதுப்பட வினவுதல் பயனற்றது. எத்தகைய சமூக உறவின்மீது அந்நம்பிக்கை கட்டப்பட்டது என்பதே வினவத்தக்கது.

3. பெரட்டும் துண்டும்: கேள்வி மறுக்கப்பட்ட உலகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் இலங்கை மலைநாட்டுக்கு வரலாயினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர்த் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி பருவகாலத்துக்கே ஆள் வேண்டிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கப்பட வேண்டியது. எனவே வந்துபோன கூட்டம் தங்கிவாழும் கூட்டமாயிற்று. 1886இல் ஊவா தனி மாகாணமாக அமைந்தது. 1924இற் புகையிரதப் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்த மலைச்சரிவுகளெங்கும் லயங்கள் எழுந்தன.

இவ்வுலகின் அச்சாணியாக விளங்கியவர் பெரியகங்காணி. ஊரிலே ஆள் திரட்டியவரும் அவரே. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. தோட்டத்திற் பிணையாக நின்றவரும் அவரே. தொழிலாளி அவரைத் தகப்பன் முறையில் வைத்து நம்ப வேண்டியிருந்தது. அந்நம்பிக்கையின் பொருளாதார வடிவம் கடன். தொழிலாளர் இன்ன தொகை கட்டினால் விடுவிக்கப்படுவர் என்று எழுதப்பட்ட ‘துண்டு’ இன்றி அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அத்துண்டு முறையை ஒழித்தது. நம்பிக்கை என்னும் சொல் இங்குக் கட்டு என்னும் பொருளையே தந்தது.

வேலை நாளின் ஒழுங்கும் இதனை உறுதிசெய்தது. விடியுமுன் தப்பொலி எழுப்பும். பெரட்டுக்களத்தில் வரிசை நிற்கும். கங்காணி இடம் காட்டுவார். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். ‘பேர்’ என்பது ஒரு நாட்கூலி. கொழுந்து மடுவத்தில் நிறுத்த எடையைக் குறைத்துப் பதிந்தாலோ, முழுப்பேர் அரைப்பேர் ஆனாலோ ஏன் என்று கேட்டவர் ‘வாய் காட்டியவர்’ எனப்பட்டார். அடுத்த நாள் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடலாம். லயக்காம்பிராவும் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், கேள்வி என்பது பசியையும் வீடின்மையையும் ஒருங்கே அழைக்கும் செயலாயிற்று.

பாடசாலையும் இந்நிலையை மாற்றுவதற்கென அமைக்கப்பட்டதன்று. 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிருவாகத்தைப் பொறுப்பாக்கியது. ஒரே கொட்டிலில் ஒரே ஆசிரியர் எல்லா வயதுப் பிள்ளைகளையும் வைத்துப் படிப்பித்த நிலை நெடுங்காலம் நீடித்தது. ஆசிரியரின் சம்பளமும் இருப்பும் துரையின் கையிலேயே இருந்தன. கேள்வி கேட்கும் மாணவனை ஊக்குவிக்க அவர் விரும்பினாலும் அதற்கு எல்லை உண்டு. 1977ஆம் ஆண்டு முதலாகவே தோட்டப் பாடசாலைகள் அரசினால் படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன.

4. சிலம்பக் களம்: கம்பே வினாவாதல்

இப்பின்னணியில் லயத்து வாசலிலும் கோயில் முன்றிலிலும் வேலை முடிந்த அந்திப்பொழுதில் நடந்த சிலம்பப் பயிற்சியை நோக்க வேண்டும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளரோடு வந்த கலைகளுள் காமன்கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும், தப்பும், கோலாட்டமும் கும்மியும் போலச் சிலம்பமும் ஒன்று. திருவிழா ஊர்வலங்களிலும் தீபாவளிக் கொண்டாட்டங்களிலும் அது தன்னை வெளிக்காட்டியது.

இக்கலையைப் பழக்குபவருக்கு மலையகத்தார் வழங்கும் பெயர் ‘வாத்தியார்’. பாடசாலை ஆசிரியரும் வாத்தியார். கூத்துப் பழக்குபவரும் வாத்தியார். சிலம்பம் பழக்குபவரும் வாத்தியார். உபாத்தியாயர் என்னும் வடசொல் மருவிய இப்பெயர் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. ஆயின் அவர்களின் சமூக இருப்பு ஒன்றன்று. சிலம்ப வாத்தியார் பெரும்பாலும் மாணவனோடு அதே பெரட்டில் நின்றவர். அதே மலையிற் கவ்வாத்து வெட்டியவர். அதே பேரை வாங்கியவர். தோட்டம் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வெற்றிலை பாக்கும், ஒரு வேட்டியும், திருவிழாவில் முன்னிற்கும் மரியாதையுமே அவர் பெற்ற தட்சிணை. மாணவனின் சோற்றையோ கூரையையோ பறிக்கும் வலு அவரிடம் இல்லை. பிடிக்காதவன் களத்தை விட்டு நாளை முதல் வாராதொழியலாம். இப்பொருளாயத உண்மையே பின்வருவன அனைத்துக்கும் அடிப்படை என்பது மனங்கொளத்தக்கது.

பயிற்சியின் போக்கை எடுத்துக்கொள்வோம். நிலந்தொட்டு வணங்கித் தொடங்குவர். முதலிற் காலடி, பின்னரே கம்பு. நெற்றியளவு உயரமுள்ள மூங்கிற் கம்பைச் சுழற்றுவதற்கு முன்னர், எங்கே கால் வைப்பது, எப்பொழுது திரும்புவது என்பதை உடல் அறிந்திருக்க வேண்டும். இக்கட்டத்தில் மாணவன் பார்த்துச் செய்பவனே. ஏன் இவ்வாறு அடிவைக்க வேண்டும் என்று அவன் வாயாற் கேட்டால், ‘செய், தெரியும்’ என்றே விடை வரும். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதனைக் கேள்விக்கு இட்ட தடை என்பர். உண்மையில் அது கேள்வியை ஒத்திவைத்தலேயாகும். விடையை விளங்கிக்கொள்ளும் கருவியான உடல் அப்பொழுது ஆயத்தமாகவில்லை.

அடுத்த கட்டத்திலே நிலைமை மாறுகின்றது. ஆசானும் மாணவனும் எதிரெதிர் நிற்பர். ஆசான் அறிவித்து மெல்ல வீசுவார், மாணவன் தடுப்பான். வேகம் கூடும். பின்னர் அறிவியாது வீசுவார். இது நன்னூலார் கூறிய அறிவினாவின் தன்மையது; விடை தெரிந்தவர் மாணவனின் அறிவை அளக்க வினவுகின்றார். அதன்பின் மாணவன் வீச, ஆசான் தடுப்பார். தலைக்கு வரும் வீச்சை ஏன் நேரே நின்று ஏற்காமல் ஒதுங்கி நின்று தட்ட வேண்டும் என்று மாணவனுக்கு விளங்கவில்லை. அவன் நேரே நின்று ஏற்றுப் பார்க்கின்றான். கை அதிர்கின்றது, கம்பு நழுவுகின்றது. இது அறியாவினா. இடமா வலமா என்று தயங்கி ஒரு பொய்வீச்சு விட்டுப் பார்க்கின்றான். இது ஐயவினா. வாய் கேளாத கேள்விகளைக் கம்பு கேட்கின்றது. ஆசானும் கம்பினாலேயே விடையிறுக்கின்றார்.

இங்கு மூன்று செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, இக்கேள்வி ஆசானுக்கும் ஆபத்தானது. மாணவனின் வீச்சைத் தடுக்க மாட்டாத ஆசான் எல்லோர் முன்னிலையிலும் அடிபடுவார். கம்பின் நுனியிற் சாம்பலோ சாயமோ தோய்த்து, எதிராளியின் உடலில் விழும் புள்ளியைக் கொண்டு வெற்றிதோல்வி காணும் முறை சிலம்பத்தில் உண்டு. அப்புள்ளி வாத்தியாரின் வேட்டியிலும் விழலாம். பெரியகங்காணியின் கணக்கேட்டைத் தொழிலாளி புரட்டிப் பார்க்க இயலாது. வாத்தியாரின் வித்தையை மாணவன் நாள்தோறும் புரட்டிப் பார்க்கின்றான்.

இரண்டாவது, இக்கேள்வி நம்பிக்கையின்றி எழவே முடியாது. முழு வலுவோடு வீசும் மாணவன், தன் வீச்சு தடுக்கப்படும் என்றும், பதில்வீச்சு தன் மண்டைக்கு ஒரு விரற்கடை முன்னே நிற்கும் என்றும் நம்புகின்றான். நம்பாதவன் பாதி வலுவோடு வீசுவான். பாதி வலுவோடு வீசப்பட்ட கேள்விக்கு முழு விடை கிடையாது. ஆக, கேள்வி நம்பிக்கையைத் தின்பதில்லை. அதன்மீது காலூன்றியே நிற்கின்றது.

மூன்றாவது, நம்பிக்கையும் கேள்வியின்றி வளர்வதில்லை. ஆசான் கம்பை நிறுத்துவார் என்பதை மாணவன் முதல்நாளே அறிந்திலன். நூறுமுறை நிறுத்தியதைக் கண்டு நூற்றோராவது முறையை நம்புகின்றான். நம்பிக்கை என்பது விடைபெற்ற கேள்விகளின் திரட்சி. ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும் இரண்டும் ஒன்றையொன்று உற்பத்தி செய்கின்றன. இதுவே இவ்வுறவின் இயங்கியல்.

5. அருச்சுனன் தபசு: கூத்தில் ஒரு சான்று

இவ்வுண்மை தோட்ட மக்களின் கலைநினைவிலும் பதிவாகியிருப்பது வியப்பன்று. அவர்கள் போற்றும் கூத்துகளுள் ஒன்றான அருச்சுனன் தபசில், பாசுபதம் பெறத் தவமியற்றும் அருச்சுனன்முன் சிவன் வேடனாக வருகின்றான். ஒரு பன்றி, இரண்டு அம்பு, யார் எய்தது என்னும் வழக்கு, அது கைகலப்பாகின்றது. அருச்சுனன் தனக்கு வித்தை தர வந்தவனோடு, அவன் யாரென்று அறியாமலே முழு வலுவோடு போரிடுகின்றான். போரிட்ட பின்னரே பாசுபதம் கிடைக்கின்றது.

இக்கதையை ஏகலைவன் கதையோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு பளிச்சிடும். ஒன்றில் மாணவன் எதிர்க்கவில்லை; விரலை இழந்தான். மற்றதில் மாணவன் எதிர்த்தான், ஆயுதத்தைப் பெற்றான். அருச்சுனன் அரசகுமாரன் என்பதையும், எதிர்க்கும் உரிமை அவனுக்கே காவியத்தில் வழங்கப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் தோட்டக்களத்தில் அருச்சுனன் வேடம் புனைந்தவன் அரசகுமாரன் அல்லன். காலையிற் பெரட்டில் நின்ற தொழிலாளி. காவியம் அரசகுமாரனுக்கு அளித்த உரிமையைக் கூத்தின் ஓரிரவிலே அவன் தன் உடலால் அனுபவித்தான். நாட்டார் கலை மேலோர் காவியத்தை ஏற்கும்பொழுது அதன் வர்க்கப்பொருள் மாறுபடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

6. களத்தின் எல்லைகள்

இதுகாறும் கூறியவற்றால் சிலம்பக் களத்தைச் சமத்துவத்தின் பொற்காலமாகச் சித்திரித்தல் நமது கருத்தன்று. அவ்வாறு சித்திரித்தல் கற்பனாவாதமாகும்.

முதற்கண், வித்தையை மறைத்தல் என்னும் வழக்கம் சிலம்பத்துக்கும் உரியதே. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடைசி வீச்சை ஆசான் தமக்கென்று வைத்துக்கொள்வார் என்னும் பேச்சு இக்கலை வழங்கும் இடமெல்லாம் உண்டு. மறைவு இருக்கும் இடத்திலே கேள்வி பாதிவழியில் நின்றுவிடும். இரண்டாவதாக, சாதி. லயங்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் குடியமர்த்தினும், பெரியகங்காணியின் சாதியும் அவர் திரட்டிய ஆட்களின் சாதியும் களத்தில் யார் யாரோடு நிற்பது என்பதைப் பாதிக்காதிருக்கவில்லை. கோயிலும் திருவிழாவும் கங்காணியின் ஆதரவிலே நடந்தபொழுது, வாத்தியாரும் அவரது கொடையை எதிர்பார்த்தே நின்றார். மூன்றாவதாக, பெண்கள். தேயிலைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு கொழுந்தெடுக்கும் பெண். ஆயின் மாலைக்களம் ஆண்களுடையதாகவே இருந்தது. வேலை முடிந்து லயத்துக்கு வந்த பெண்ணுக்கு இரண்டாவது வேலை காத்திருந்தது. கேள்வி கேட்டுப் பழகும் ஓய்வுநேரங்கூட உழைப்புப் பிரிவினையின் விளைவே.

எனினும் இவ்வெல்லைகளே நமது வாதத்தை உறுதிப்படுத்துகின்றன. கங்காணியின் கொடையும் சாதியின் கட்டும் எங்கெங்கு நுழைந்தனவோ அங்கங்கே கேள்வி சுருங்கிற்று. மாணவனின் வயிறு ஆசானின் கையிலில்லாத அளவுக்கே கேள்வி விரிந்தது.

7. களத்திலிருந்து சங்கத்துக்கு

ஊவாத் தொழிலாளரின் வரலாற்றில் இவ்விடயம் அரசியல் வடிவம் பெற்ற ஆண்டு 1940. அதற்கு முன்னரே கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்திருந்தார். அவர் எழுதிய நூலொன்றின் பெயர் ‘நீ மயங்குவதேன்?’ என்பதாகும், தலைப்பே வினாவாக அமைந்தமை கருதத்தக்கது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடல்கள் வாயிலாகத் தொழிலாளரை விழிப்படையச் செய்தவர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியும், 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரசும் தோன்றின. அதே 1939இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. வேலைநீக்கம் செய்தால் வேறாள் கொணரலாம் என்னும் துரைமாரின் வலு இதனாற் குன்றிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமை மலைநாடெங்கும் கொதிப்பை மூட்டியது.

அவ்வாண்டின் ஏப்ரல், மே மாதங்களில் வேலைநிறுத்த அலை ஊவாவை அடைந்தது. அதன் உச்சம் பதுளைக்கு அண்மித்த வெவெஸ்ஸத் தோட்டம். அங்குத் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அக்குழுவோடு கலந்தே நடப்பதற்குத் தோட்டத்துரை உடன்பட்டார். ‘ஒழுங்கை’ நிலைநாட்டச் சென்ற ஆயுதந்தாங்கிய பொலிஸ் அணியின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர்ப் பெருவெள்ளத்தினால் ஊவா ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த வேளையில், கடும் பொலிஸ் அடக்குமுறையினால் இவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டது. ஜூன் மாதத்திற் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர்.

சிலம்பம் வெவெஸ்ஸவை உண்டாக்கிற்று என்று கூறுதல் நகைப்புக்கிடமாகும். வேலைநிறுத்தங்களை உண்டாக்குவன கூலியும் கொடுமையும் அமைப்புமே. இங்கு வற்புறுத்தப்படுவது வேறு. வெவெஸ்ஸத் தொழிலாளர் கோரியது வெறும் கூலி உயர்வு அன்று. கேள்வி கேட்கப்படக்கூடிய அதிகாரம். தாம் தேர்ந்தெடுத்த குழு. தமக்கு விடைசொல்லும் துரை. பெரட்டுக்களம் ஒன்றை மட்டுமே அறிந்த மக்களுக்கு அத்தகைய அதிகாரத்தைக் கற்பனை செய்வதும் அரிது. முன்னிற்பவனை மதித்துக்கொண்டே அவனைச் சோதிக்கலாம், சோதிக்கப்படுவதனாலேயே அவன் முன்னிற்கும் தகுதி பெறுகின்றான் என்னும் அனுபவம் அவர்களின் மாலைநேர வாழ்விலே ஏலவே இருந்தது. சிலம்பக் களமும் கூத்துக் களமும் அவ்வனுபவத்தின் இருப்பிடங்களுள் சில.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகவே கூறத்தக்கன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் இம்மக்களின் பெரும்பான்மையோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையும் இல்லை. கப்பலேறியோருள் ஆசானும் மாணவனும் இருந்தனர். பல களங்கள் இவ்வாறே கலைந்தன. எஞ்சியோரிடையே தொழிற்சங்கங்கள் பெருகின; அவற்றுட் சிலவற்றில் சந்தா கொடுத்தவன் தலைவனைக் கேள்வி கேட்கும் வழக்கம் அருகி, பெரியகங்காணியை நம்பியதுபோல் தலைவனை நம்பும் வழக்கம் மீண்டும் தலைதூக்கியது. வாக்கில்லாதவனுக்கு அரசோடு பேசத் தலைவனையன்றி வேறு வாயில் இல்லை என்பதே இதன் புறநிலைக் காரணம்.

8. சீனத்திலிருந்து ஓர் ஒப்புமை

இவ்விடயம் தமிழர்க்கோ மலையகத்தார்க்கோ மட்டும் உரியதன்று. தாய்ச்சிக் கலை இதற்கு நல்ல ஒப்புமை. சீனத்தின் ஹெனான் மாகாணத்துச் சென் குடியினரின் கிராமத்தில் அது ஒரு குலத்தின் உடைமையாகப் பேணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்குலத்தைச் சாராத யாங் லூச்சான் என்பவர் அங்கே கற்று, பின்னர்ப் பீக்கிங் நகரிலே பயிற்றுவித்தார். அவர் ஒளிந்திருந்து பார்த்துக் கற்றார் என்று வழங்கும் கதை வரலாறன்று. ஆயின் வித்தை மறைக்கப்பட்ட சமூகத்தில் மாணவனின் வேட்கை எவ்வடிவம் எடுக்கும் என்பதற்கு அக்கதை சான்று.

தாய்ச்சியில் இருவர் கைகளைத் தொட்டவாறு நின்று, ஒருவர் மற்றவரின் வலுவை உணர்ந்து தள்ளியும் இளகியும் பழகும் பயிற்சியொன்றுண்டு. எதிரேயிருப்பவரின் வலுவைத் தொடுகையால் அறிவதைச் சீனர் ‘கேட்டல்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். நமது மொழியிற் ‘கேள்வி’ என்னும் சொல் வினாவையும் செவிமடுத்தலையும் ஒருங்கே உணர்த்துவதை எண்ணும்பொழுது இவ்வொற்றுமை சுவை தருகின்றது. தனியே செய்யும் வரிசைகளில் மாணவன் ஆசிரியனைப் பின்பற்றுகின்றான். இருவர் பயிற்சியிலோ அவனைத் தொட்டுக் கேட்கின்றான். 1956இல் சீனத்து விளையாட்டுத்துறை இருபத்துநான்கு அசைவுகள் கொண்ட எளிய வரிசையை வகுத்துப் பொதுமக்களிடையே பரப்பியது. குலத்தின் இரகசியம் மக்கள் உடைமையானமை முன்னேற்றமே. ஆயினும் வரிசையை மட்டும் கற்று இருவர் பயிற்சியைக் கைவிட்டவன் பின்பற்றலை மட்டுமே கற்றான், கேட்டலைக் கற்றானல்லன்.

9. முடிவுரை

இவ்வெச்சரிக்கை நமக்கும் பொருந்தும். இன்று சிலம்பம் போட்டி விளையாட்டாகவும் மேடைக் காட்சியாகவும் மறுவாழ்வு பெற்று வருகின்றது, பெண்பிள்ளைகளும் கம்பெடுக்கின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயின் கண்கவரும் சுழற்சியும் சான்றிதழும் முதன்மை பெற்று, எதிர்நின்று பழகும் முறை பின்தள்ளப்படுமாயின், இக்கலையின் கல்விப்பொருள் வற்றிவிடும். எஞ்சுவது கேள்வியில்லாத அழகு.

நாம் தொடக்கத்திற் குறித்த இரு சாராருக்கும் ஊவாத் தோட்டக்களம் கூறும் விடை ஒன்றே. மரபைப் போற்றுவோரே, உங்கள் மரபில் ஆசான் அடிபடும் அபாயத்தோடுதான் நின்றார். அவ்வபாயத்தை நீக்கிவிட்டு வணக்கத்தை மட்டும் கேட்பது மரபன்று. மரபை மறுப்போரே, நம்பிக்கையைக் களைந்தெறிந்தால் கேள்வி முழு வலுவோடு எழாது. களைந்தெறிய வேண்டியது, கேட்டவனின் சோற்றைப் பறிக்கும் உறவையே.

மதிப்பெண்ணையும் நியமனத்தையும் கையில் வைத்துக்கொண்டு, மாணவர் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று வியக்கும் பல்கலைக்கழக ஆசிரியராகிய நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். பெரட்டுக்களமும் சிலம்பக் களமும் ஒரே மலையில், ஒரே மக்களிடையே, சில பாக தூரத்திலேயே இருந்தன. நமது விரிவுரை மண்டபம் அவ்விரண்டில் எதற்கு அண்மையில் உள்ளது என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.